சின்னக் கணினியில் வீட்டுக்கென ஒரு பாட்டு சர்வர்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: இருநூறு சி.டி.க்களும், பல வருடங்களாகச் சேர்ந்த எம்.பி.3 கோப்புகளும் இருக்கின்றன. ஹாலில் ஒரு ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் உண்டு. ராஸ்பெரி பை மாதிரி ஒரு சின்னக் கணினியை வைத்து, ஃபோனில் தேர்ந்தெடுத்தால் ஹாலிலும் படுக்கையறையிலும் பாடும்படி அமைக்க முடியுமா? எந்த மாடல், எந்த மென்பொருள்? ஒலித்தரம் நன்றாக இருக்குமா? சும்மா கிடக்கும் பழைய லேப்டாப் ஒன்று போதாதா?

பதில்:

முடியும், நன்றாகவே முடியும். சி.டி. தரத்தில் ஒரு பாட்டு ஓட நொடிக்கு 1411 கிலோபிட் தரவு போதும். சாதாரண வைஃபை இதைப் பல மடங்கு தாண்டும். 2016-ல் வந்த ராஸ்பெரி பை 3 கூட இந்த வேலையில் திணறாது. அதனால் எந்த மாடல் என்ற கேள்வியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிவிடுகிறேன். கணினி கெட்டுப்போனால் ஒரு மதிய நேரத்தில் இன்னொன்றை அமைத்துவிடலாம். மென்பொருள் பிடிக்கவில்லையென்றால் நாளைக்கே வேறொன்றுக்கு மாறலாம். திரும்பக் கிடைக்காதது உங்கள் பாட்டுக் கோப்புகளும் அவற்றின் மேல் நீங்கள் செலவிடப்போகும் உழைப்பும்தான். எந்தப் பெட்டியைத் தூக்கிப்போட்டாலும் கோப்புகள் பத்திரமாக, ஒழுங்காக இருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் வாங்குவது, நிறுவுவது எல்லாமே எளிதாகிவிடும்.

இந்த அமைப்பில் மூன்று வேலைகள் இருக்கின்றன. கோப்புகளை வைத்திருப்பது ஒன்று. கேட்டதைத் தேடி எடுத்து அனுப்புவது இரண்டாவது; அதைச் செய்வது சர்வர். வந்ததை ஒலியாக மாற்றி ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுப்பது மூன்றாவது, அது பிளேயர். மூன்றையும் ஒரே பெட்டி செய்யலாம், மூன்று பெட்டிகளாகவும் பிரிக்கலாம். ஃபோன் வெறும் ரிமோட்தான். பாட்டு ஃபோன் வழியாகப் போவதே இல்லை. அதனால் அழைப்பு வந்தாலும், ஃபோனை எடுத்துக்கொண்டு நீங்கள் வெளியே கிளம்பிவிட்டாலும் ஹாலில் பாட்டு நிற்காது. புளூடூத் ஸ்பீக்கரிலிருந்து இது மாறுபடுவது இங்கேதான்.

சரி, முதலில் சி.டி.க்கள். ஆடியோ சி.டி.யில் கோப்புகள் என்று எதுவும் கிடையாது. தொடர்ச்சியாக ஓடும் ஒலித்தரவு மட்டுமே. கணினிக்கான தரவு சி.டி.யில் இருக்கும் கூடுதல் பிழைத்திருத்தம் இதில் இல்லை. கீறல் விழுந்த இடத்தில் டிரைவால் படிக்க முடியவில்லை என்றால் முன்னும் பின்னும் இருப்பதை வைத்து இடைவெளியை ஒப்பேற்றிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த இடத்துக்குப் போய்விடும். சாதாரண மென்பொருளில் சி.டி.யைப் பிரதி எடுத்தால் இப்படி ஒன்று நடந்ததே உங்களுக்குத் தெரியாது. ஆகவே திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்.எல்.டி., லினக்ஸில் விப்பர். இவை மூன்றும் அக்யூரேட்ரிப் என்ற தரவுத்தளத்தைக் கேட்டுப் பார்க்கும். அதே சி.டி.யைப் பிரதி எடுத்த மற்றவர்களுடைய சரிபார்ப்பு எண்ணோடு உங்களுடையதும் ஒத்துப்போனால் பிரதி சுத்தம் என்று நம்பலாம். இருநூறு சி.டி. என்பது அலுப்பான வேலை, ஆனால் ஒரே தடவை செய்யும் வேலை. அதை அரைகுறையாகச் செய்துவிட்டுப் பிறகு மறுபடி உட்காருவதுதான் பெரிய கொடுமை. ஒன்று மட்டும்: சொந்த சி.டி.யைப் பிரதி எடுப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் நாட்டில் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரதியை ஃப்ளாக் வடிவத்தில் சேமியுங்கள். அது எதையும் இழக்காமல் சுருக்குகிறது. ஒரு மணிநேர சி.டி. சுமார் 635 மெகாபைட் என்றால் ஃப்ளாக்கில் 300 முதல் 400 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு டெராபைட் டிஸ்க்கில் இரண்டாயிரத்துக்கு மேல் ஆல்பங்கள் வைக்கலாம் என்பதால் இடத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஃப்ளாக்கை நான் வலியுறுத்துவதற்கு அளவைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒவ்வொரு ஃப்ளாக் கோப்பின் தலைப்பகுதியிலும், சுருக்குவதற்கு முன்பிருந்த ஒலியின் சரிபார்ப்பு எண் பதிந்திருக்கும். பத்து வருடம் கழித்து டிஸ்க் பழுதாகத் தொடங்கினால் எந்தக் கோப்பு கெட்டிருக்கிறது என்பதைக் கணினியே சோதித்துச் சொல்லிவிடும். எம்.பி.3-இல் இப்படி ஒரு வசதி இல்லை. அப்புறம், உங்களிடம் இருக்கும் எம்.பி.3 கோப்புகளை ஃப்ளாக்காக மாற்றாதீர்கள். போன ஒலி திரும்பாது, கோப்பு மட்டும் பெருக்கும். அவை அப்படியே இருக்கட்டும்; எல்லா சர்வர்களும் இரண்டையும் கலந்தே படிக்கும்.

இப்போது டேக், அதாவது பாடகர், ஆல்பம் என்று ஒவ்வொரு கோப்புக்குள்ளும் எழுதியிருக்கும் விவரங்கள். நேரத்தையெல்லாம் விழுங்கப்போவது இதுதான். செலவிட்ட நேரத்துக்குப் பலன் கிடைப்பதும் இதில்தான். சர்வர் பாட்டைக் கேட்பதில்லை, கோப்புக்குள் எழுதியிருக்கும் டேக்கைத்தான் படிக்கிறது. ஒரு பாடகர் பெயரில் இனிஷியலுக்குப் பின் ஓரிடத்தில் புள்ளி, ஓரிடத்தில் இடைவெளி, ஓரிடத்தில் இரண்டும் இல்லை என்றால், சர்வருக்கு அவர்கள் மூன்று பேர். பத்து வருடங்களாக எங்கெங்கிருந்தோ சேர்ந்த எம்.பி.3 தொகுப்பில் இது கட்டாயம் இருக்கும். பாடகர் பட்டியலைத் திறந்தால் ஒரே ஆள் நான்கு தடவை வருவார், நான்கிலும் பாதிப் பாதிப் பாட்டுகள்.

இன்னொரு பெரிய குழப்பம் பல பாடகர்கள் பாடிய ஆல்பங்களில் வரும். ஒரு திரைப்பட ஆல்பத்தில் ஏழு பாட்டுக்கு ஏழு பாடகர்கள் என்றால், சில சர்வர்கள் அதை ஏழு தனித்தனி ஆல்பங்களாகப் பிய்த்துவிடும். இதைத் தீர்க்கத்தான் 'ஆல்பம் ஆர்டிஸ்ட்' என்ற தனி டேக் இருக்கிறது. ஆல்பத்தின் எல்லாப் பாட்டிலும் அந்த இடத்தில் இசையமைப்பாளர் பெயரை ஒரே மாதிரி போடுங்கள். 'ஆர்டிஸ்ட்' என்ற இடத்தில் அந்தந்தப் பாட்டைப் பாடியவர்கள் இருக்கட்டும். இசையமைப்பாளருக்கென்று 'கம்போசர்' டேக்கும் உண்டு, அதையும் நிரப்பி வையுங்கள். ஆல்பம் ஒன்றாக நிற்கும். பாடகர் பெயரில் தேடினாலும் கிடைக்கும், இசையமைப்பாளர் பெயரில் தேடினாலும் கிடைக்கும். இரண்டு பேர் சேர்ந்து பாடியதை எப்படிப் பிரித்து எழுதுவது, பெயர்களை எந்த எழுத்தில் எழுதுவது என்பதையெல்லாம் ஆரம்பத்திலேயே முடிவு செய்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த விதியாக இருந்தாலும் பரவாயில்லை, நடுவில் மாறக்கூடாது.

இந்த வேலைக்கு மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் என்ற இலவச மென்பொருள் நல்ல துணை. ஒலியைக் கேட்டே பாட்டை அடையாளம் காணும் வசதி அதில் இருக்கிறது. ஆனால் எல்லாக் கோப்புகளையும் அதில் கொட்டி ஒரே மூச்சில் மாற்றச் சொல்லாதீர்கள். ஒரே பதிவு மூல ஆல்பத்திலும் இருக்கும், பிற்பாடு வந்த தொகுப்பு ஆல்பங்களிலும் இருக்கும். ஒலியை மட்டும் வைத்துப் பார்த்தால் எது உங்களுடையது என்று அதற்குத் தெரியாது. ஒரு ஆல்பத்தின் பாட்டுகளை ஐந்து தொகுப்புகளில் சிதறடித்துவிடும். ஒரு தடவைக்கு ஒரு ஆல்பமாகக் கொடுங்கள், சரியான வெளியீட்டை நீங்களே தேர்ந்தெடுங்கள். அதில் இல்லாத ஆல்பங்களைக் கையால் எழுதத்தான் வேண்டும். அட்டைப்படத்தை ஆல்பம் ஃபோல்டரில் ஒரே ஒரு படமாக வைத்தால் போதும். ஆயிரம் பிக்சல் அகலம் தாராளம். ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் ஐந்து மெகாபைட் படத்தைத் திணித்தால் ஃபோன் ஆப்பில் பட்டியல் நகர்வதே சிரமமாகும்.

டிஸ்க்குக்கு வருவோம். பாட்டுகளைக் கணினியின் மெமரி கார்டில் வைக்காதீர்கள். கார்டு இயங்குதளத்துக்கு மட்டும். பாட்டுகளுக்குத் தனி யு.எஸ்.பி. டிஸ்க், முடிந்தால் எஸ்.எஸ்.டி. அது சத்தம் போடாது, மின்சாரமும் குறைவு. சுழலும் டிஸ்க்கிலும் பாட்டு நன்றாகவே ஓடும். ஆனால் தூங்கிப்போன டிஸ்க் விழித்துச் சுழலச் சில நொடிகள் ஆகும், அதுவரை முதல் பாட்டு காத்திருக்கும். சின்னக் கணினியின் யு.எஸ்.பி. வாயில் வரும் மின்சாரத்துக்கும் எல்லை உண்டு. ராஸ்பெரி பை 4-இல் நான்கு வாய்களுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான். சுழலும் டிஸ்க் கிளம்பும் நேரத்தில் அதிகம் இழுக்கும். டிஸ்க் அடிக்கடி காணாமல் போய்த் திரும்பி வந்தால் மென்பொருளை நோண்டாமல் முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். தனி மின்சாரம் உள்ள யு.எஸ்.பி. ஹப் ஒன்றைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டிஸ்க்கை இணைக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. லினக்ஸில் டிஸ்க்குக்குத் தானாகக் கிடைக்கும் பெயர், இரண்டாவது டிஸ்க் ஒன்றைச் செருகினால் மாறிவிடலாம். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் மாறாத அடையாள எண் ஒன்று இருக்கிறது, அதை வைத்தே இணையுங்கள். டிஸ்க் இல்லாவிட்டாலும் கணினி கிளம்ப வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்துவிடுங்கள். இன்னொன்று: டிஸ்க் இணையாத நேரத்தில் சர்வர் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் அது காலியாக இருக்கும். "எல்லாப் பாட்டையும் அழித்துவிட்டார்கள் போல" என்று எடுத்துக்கொண்டு, சில சர்வர்கள் நூலகப் பட்டியலையே துடைத்துவிடும். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பிளேலிஸ்ட்டும், நீங்கள் போட்ட நட்சத்திரங்களும் போகக்கூடும். டிஸ்க் இணைந்த பிறகே சர்வர் கிளம்பும்படி அமைத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. பாட்டு ஃபோல்டரைப் படிக்க மட்டும் சர்வருக்கு அனுமதி கொடுங்கள், எழுத வேண்டாம். டேக் திருத்துவதை உங்கள் கணினியிலிருந்து, சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாகப் பகிர்ந்த ஃபோல்டரில் செய்துகொள்ளலாம்.

கணினி எது? சர்வருக்கு 2 ஜி.பி. நினைவகம் உள்ள ராஸ்பெரி பை 4 நிறைவாகப் போதும். பை 3 வரை யு.எஸ்.பி.யும் ஈதர்நெட்டும் ஒரே குறுகிய பாதையைப் பகிர்ந்துகொண்டன. 2019-ல் வந்த பை 4-இல் இரண்டும் பிரிந்துவிட்டன. பாட்டு கேட்க இது பெரிய விஷயமில்லை, ஆனால் டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான கோப்புகளை நகர்த்தும்போது வித்தியாசம் தெரியும். பை 5 இந்த வேலைக்குத் தேவைக்கு மேலேயே. படுக்கையறையில் பிளேயராக மட்டும் நிற்க, கையகலம்கூட இல்லாத ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ போதும். அதில் 512 மெகாபைட் நினைவகம் உண்டு, பிளேயருக்கு அதுவே தாராளம். மின்சாரச் செலவும் கொஞ்சம்தான். பை 4 சும்மா இருக்கும்போது சுமார் 3 வாட் எடுக்கும், மாதம் முழுக்க அணைக்காமல் வைத்தாலும் இரண்டு மூன்று யூனிட்தான்.

மின்சார அடாப்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தர வேண்டும். கிடைத்த ஃபோன் சார்ஜரைச் செருகினால் கிளம்பத்தான் செய்யும். டிஸ்க்கும் வைஃபையும் சேர்ந்து வேலை செய்யும்போது வோல்டேஜ் சரியும், பாட்டு விட்டுவிட்டு வரும், சில நேரம் கார்டில் எழுதியதே கெடும். காரணமே புரியாத கோளாறுகளில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் வருகின்றன என்பது என் அனுபவம்.

ஒலித்தரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பை 4-இன் 3.5 மில்லிமீட்டர் ஹெட்ஃபோன் வாயை நல்ல ஆம்ப்ளிஃபையரோடு இணைக்காதீர்கள். அதில் முறையான டாக், அதாவது எண்களாக இருக்கும் ஒலித்தரவை ஆம்ப்ளிஃபையருக்கான மின்சைகையாக மாற்றும் சில்லு, கிடையாது, துடிப்புகளின் அகலத்தை மாற்றி ஒலியை ஒப்பேற்றுகிறது. மெல்லிய இடங்களில் பின்னணி இரைச்சல் கேட்கும். பை 5-இலும் ஜீரோவிலும் அந்த வாயே இல்லை. ஒரு யு.எஸ்.பி. டாக் வாங்குங்கள், அல்லது போர்டின் பின்களில் நேராக அமரும் டாக் போர்டு. இரண்டிலும் ஒலி நன்றாக இருக்கும். நான் யு.எஸ்.பி. பக்கம்தான் சாய்வேன், ஏனென்றால் நாளைக்கு ராஸ்பெரி பையை விட்டு வேறு கணினிக்குப் போனாலும் அதைக் கழற்றிச் செருகிக்கொள்ளலாம். ஆம்ப்ளிஃபையர் இல்லாத படுக்கையறைக்கு, டாக்கும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த போர்டுகள் உண்டு. ஸ்பீக்கர் வயரை நேராக அதிலேயே முடுக்கலாம். அவற்றில் பல, தங்களுடைய 12 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட மின்சாரத்திலிருந்து ராஸ்பெரி பைக்கும் சேர்த்தே கொடுத்துவிடும். அப்படிப்பட்ட போர்டில் பையின் சொந்த அடாப்டரையும் செருகக்கூடாது, குறிப்பேட்டைப் படித்துவிட்டு இணையுங்கள்.

டாக்குக்காக மேலும் மேலும் செலவு செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நல்ல சாதாரண டாக் ஒன்றுக்கும் பல மடங்கு விலையுள்ள டாக்குக்கும் உள்ள வேறுபாட்டைக் காதால் கண்டுபிடிப்பது கடினம். அதே பணத்தை ஸ்பீக்கரில் போட்டால் வீட்டில் எல்லோருக்கும் கேட்கும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைப்பது செலவே இல்லாமல் பலன் தரும்.

வால்யூமை எங்கே குறைப்பது என்பதும் ஒலித்தரத்தைப் பாதிக்கும். மென்பொருளில் ஒவ்வொரு 6 டெசிபல் குறைக்கும்போதும் ஒரு பிட் அளவு நுணுக்கம் போகிறது. 16 பிட் பாட்டை 24 பிட் டாக் வழியாக அனுப்பினால் கைவசம் எட்டு பிட் இருப்பதால் பயமில்லை. பழைய 16 பிட் டாக்கில், மென்பொருள் வால்யூமை அடிமட்டத்துக்கு இறக்கி ஆம்ப்ளிஃபையரைத் தூக்கி வைத்தால்தான் தரம் தேயும். அதனால் ஃபோனில் முழுக்கத் திருகினால் எவ்வளவு சத்தம் நீங்கள் தாங்குவீர்களோ அந்த அளவில் ஆம்ப்ளிஃபையரை வைத்துவிட்டு, அன்றாட ஏற்ற இறக்கத்தை ஃபோனில் செய்துகொள்ளுங்கள். பழைய பதிவு மெதுவாகவும் புதிய பதிவு காதைக் கிழிப்பதாகவும் இருந்தால் ரீப்ளேகெயின் என்ற டேக்கை எல்லாக் கோப்புகளுக்கும் ஒரு தடவை கணக்கிட்டு எழுதிவையுங்கள். பாட்டின் ஒலியை அது தொடாது. எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்ற குறிப்பை மட்டும் பிளேயருக்குத் தரும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்க ஒரே கேள்வி போதும். ஒலி எங்கிருந்து வர வேண்டும்? அறையில் வயரோடு நிற்கும் ஸ்பீக்கரிலிருந்தா, கையில் இருக்கும் ஃபோனிலிருந்தா?

ஸ்பீக்கரிலிருந்து என்றால், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட அறைகள் என்றால், லிரியன் மியூசிக் சர்வர். இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஸ்லிம் டிவைசஸ் என்ற சின்ன நிறுவனம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் பிளேயர்களுக்காக எழுதிய சர்வர் இது. 2006-ல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை வாங்கியது, 2012-ல் ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற அந்தப் பிளேயர்களின் தயாரிப்பு நின்றது. ஆனால் சர்வரின் மூல நிரல் திறந்தே இருந்ததால் பயன்படுத்தியவர்களே அதை வளர்த்துவந்தார்கள். லிரியன் என்ற பெயர் 2024-ல் வந்தது. தயாரித்த நிறுவனம் கைவிட்ட பிறகும் அந்தப் பழைய பிளேயர்கள் இன்றைக்கும் இதில் பாடுகின்றன. வீட்டில் பல வருடம் நிற்க வேண்டிய ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இந்த ஆயுளைத்தான். உங்கள் ராஸ்பெரி பைகளைப் பிளேயராக்குவது ஸ்க்வீஸ்லைட் என்ற குட்டி நிரல். அதையும் இயங்குதளத்தையும் சேர்த்துக் கட்டியது பைகோர்பிளேயர். கார்டிலிருந்து முழுவதையும் நினைவகத்துக்கு ஏற்றிக்கொண்டு ஓடுவதால், பிளேயராக மட்டும் இருக்கும் பெட்டியைத் திடீரென்று அணைத்தாலும் கார்டு கெடாது. டிஸ்க் இணைந்த சர்வரை மட்டும் முறையாக அணைத்துப் பழகுங்கள். லிரியனின் பழைய திரை கண்ணுக்கு இதமாக இருக்காது; மெட்டீரியல் ஸ்கின் என்ற செருகுநிரலைப் போட்டால் ஃபோனில் ஆப் மாதிரியே இருக்கும்.

ஒரே ஒரு அறைதான் என்றால் எம்.பி.டி. என்ற எளிய பிளேயர் மென்பொருள் போதும். அதை நேராக நிறுவுவதைவிட, அதன் மேல் கட்டப்பட்ட மூட் ஆடியோ அல்லது வால்யூமியோவைக் கார்டில் எழுதிச் செருகுவது எளிது.

ஃபோனில், ஹெட்ஃபோனில், அலுவலகக் கணினியில் கேட்பதற்கு நேவிட்ரோம். மிக இலகுவானது, வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கொடுக்கலாம். சப்சோனிக் என்ற பழைய நெறிமுறையைப் பேசுவதால் அதற்கென எழுதப்பட்ட பல ஃபோன் ஆப்களும் அதோடு வேலை செய்யும். வெளியே மொபைல் தரவில் கேட்கும்போது போகிற போக்கில் ஓபஸ் வடிவத்துக்குச் சுருக்கி அனுப்பும். 128 கிலோபிட் ஓபஸ் என்றால் ஒரு மணிநேரத்துக்கு 60 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும்.

லிரியனா நேவிட்ரோமா என்று தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை. இரண்டையும் ஒரே கணினியில் நிறுவுங்கள், இரண்டுக்கும் அதே ஃபோல்டரைக் காட்டுங்கள். படிக்க மட்டுமே அனுமதி இருப்பதால் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாது. கோப்பும் டேக்கும் ஒழுங்காக இருந்தால் எத்தனை சர்வர் வேண்டுமானாலும் அதன் மேல் நிறுத்தலாம்.

ஹாலிலும் படுக்கையறையிலும் ஒரே பாட்டு ஒன்றாக ஓட வேண்டும் என்கிறீர்கள். கேட்க எளிதாகத் தெரிந்தாலும் பொறியியலில் சிக்கலான இடம் இது. ஒவ்வொரு டாக்கும் அதற்குள் இருக்கும் படிகத்தின் துடிப்பை வைத்துத்தான் ஓடுகிறது, எந்த இரண்டு படிகமும் அச்சு அசலாக ஒரே வேகத்தில் துடிக்காது. பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வித்தியாசம் என்று வையுங்கள்; பத்து நிமிடத்தில் 30 மில்லி நொடி விலகிவிடும், ஒரு மணிநேரத்தில் 180 மில்லி நொடி. இரண்டு அறைக்கும் நடுவில் நின்றால் எதிரொலி போலக் கேட்கும். ஒரே நேரத்தில் தொடங்கி வைத்தால் மட்டும் போதாது, ஓடிக்கொண்டிருக்கும்போதே விலகலை அளந்து திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். லிரியனும் ஸ்க்வீஸ்லைட்டும் இதைச் செய்கின்றன. இதற்கென்றே எழுதப்பட்ட ஸ்னாப்காஸ்ட் இன்னும் நுணுக்கமாக, ஒரு மில்லி நொடிக்கும் குறைவாக வைத்திருக்கும். ஆனால் எல்லா அறைகளிலும் ஒரே வகைப் பிளேயர் இருக்க வேண்டும். ஹாலில் ஸ்க்வீஸ்லைட், படுக்கையறையில் புளூடூத் ஸ்பீக்கர் என்று கலந்தால் ஒத்திசைவை எதிர்பார்க்க முடியாது. இப்படிச் சேர்ந்து ஓடுவதற்காக இந்த அமைப்புகள் முன்கூட்டியே தரவைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. ஸ்னாப்காஸ்ட் வழக்கமாக ஒரு நொடி. அதனால் டி.வி. ஒலியை இதன் வழியாக அனுப்ப நினைக்காதீர்கள், உதட்டசைவு ஒரு பக்கம் ஒலி ஒரு பக்கம் போகும்.

நெட்வொர்க்கில் சர்வரை மட்டுமாவது ஈதர்நெட் கேபிளில் ரவுட்டரோடு இணைத்துவிடுங்கள். வைஃபையில் வைத்தால் ஒவ்வொரு பாட்டும் காற்றில் இரண்டு தடவை பயணம் செய்யும், சர்வரிலிருந்து ரவுட்டருக்கு ஒன்று, அங்கிருந்து பிளேயருக்கு ஒன்று. ரவுட்டரில் சர்வருக்கு மாறாத முகவரி ஒதுக்குங்கள். வைஃபையில் இருக்கும் பிளேயர் விட்டுவிட்டுப் பாடினால் மூன்றைப் பாருங்கள்: வைஃபை மின்சேமிப்பை அணைத்தாயிற்றா, உலோகப் பெட்டிக்குள் அடைத்து ஆன்டெனாவை மூடிவிட்டீர்களா, யு.எஸ்.பி. 3 டிஸ்க் பக்கத்தில் இருக்கிறதா. யு.எஸ்.பி. 3 இணைப்பின் மின்னலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும். பிளேயரில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் அதற்கு மாறுங்கள்; இல்லையென்றால் டிஸ்க்கைத் தள்ளி வையுங்கள்.

பேக்கப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தவிர்க்கவே கூடாது. இன்னொரு டிஸ்க் வாங்கி முழு ஃபோல்டரையும் பிரதி எடுத்து, இணைப்பைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். இணைத்தே இருக்கும் இரண்டாவது டிஸ்க் பேக்கப் ஆகாது. நீங்கள் தவறி அழித்தது அங்கேயும் அழிந்துவிடலாம். சர்வரின் சொந்தத் தரவுத்தளத்தையும் சேர்த்துப் பிரதி எடுங்கள், பிளேலிஸ்ட்டும் நட்சத்திரங்களும் அதில்தான் இருக்கின்றன.

வீட்டுக்கு வெளியிலிருந்து கேட்க ரவுட்டரில் துளை போட்டு சர்வரை இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். குறிப்பாக லிரியன், வீட்டுக்குள் எல்லோரும் நம்பகமானவர்கள் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் என்ற வி.பி.என். (பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக உங்கள் ஃபோனை வீட்டு நெட்வொர்க்குக்குள் கொண்டுவந்துவிட்டு, அதன் பிறகு நேவிட்ரோமைத் திறங்கள்.

கடைசியாக, அந்தப் பழைய லேப்டாப். போதும், நன்றாகவே போதும். எதையும் வாங்குவதற்கு முன் அதிலிருந்தே தொடங்குங்கள் என்று சொல்வேன். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உப்பியிருந்தால் அதைக் கழற்றாமல் லேப்டாப்பை இரவும் பகலும் ஓட விடக்கூடாது. மூடியைச் சாத்தினாலும் தூங்காதபடி அமைத்துவிட்டு லிரியனையும் நேவிட்ரோமையும் நிறுவுங்கள். பிரதி எடுத்த முதல் பத்து சி.டி.க்களைப் போட்டு, வீட்டில் மற்றவர்கள் கையிலும் ஃபோனைக் கொடுத்துச் சில வாரம் கேட்டுப் பாருங்கள். எந்த டேக் போதவில்லை, எந்த ஆப் பிடிக்கிறது, படுக்கையறையில் உண்மையிலேயே பாட்டு வேண்டுமா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். மீதி நூற்றுத் தொண்ணூறு சி.டி.க்களுக்கு அந்த விதிகளையே பின்பற்றுங்கள். பிறகு லேப்டாப்பின் விசிறிச் சத்தம் தொந்தரவாக இருந்தால் ராஸ்பெரி பை வாங்கி, டிஸ்க்கை அங்கே கழற்றி இங்கே செருகிக்கொள்ளுங்கள்.